சைக்கிளில் கேமரா: கழுத்தில் வேண்டாம், முதுகில் கட்டுங்கள்

வேலூர்க் கோட்டை அகழியைக் காலையில் படமெடுக்க சைக்கிளில் வருபவர்களில் பலர் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்த்தாலே எனக்குப் பதறும். குனிந்து மிதித்தால் அது ஆடி ஆடி ஹேண்டில்பாரில் இடிக்கும். விழுந்தால் நெஞ்சுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். உடைவது லென்ஸா விலா எலும்பா என்பது அவரவர் ராசி.

முன்பக்கப் பையும் பின் கேரியரும்கூட எனக்கு உடன்பாடில்லை. சக்கரம் வாங்கும் அடி முழுவதும் கேமராவுக்குப் போகும். காட்பாடி போகும் வழியில் பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகள்மேல் ஏறி இறங்கும்போது கை அதிர்வதைக் கவனியுங்கள். அந்த அதிர்வு ஓயாமல் தொடர்ந்தால் லென்ஸின் நுண்ணிய திருகுகள் தளரும். உடம்பில் கட்டிய கேமராவுக்கு அந்தத் தொல்லை குறைவு. வளைந்த முழங்கையும் முழங்காலும் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும்.

வாரை வலத்தோளிலிருந்து குறுக்காகப் போடுங்கள். கேமரா முதுகுக்குப் பின்னால், சற்று இடப்புறமாக, லென்ஸ் தரையைப் பார்த்தபடி இருக்கட்டும். வண்டிகள் நம்மை வலப்பக்கம்தானே கடக்கின்றன! முதுகெலும்புக்கு நேராக மட்டும் வைக்காதீர்கள்; மல்லாந்து விழுந்தால் ஆபத்து.

இனி அதை ஆடாமல் நிறுத்த வேண்டும். பங்சர் கடையில் பழைய ட்யூப் ஒன்று கேளுங்கள். வால்வுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் கத்தரித்து, இரண்டு விரல் அகலத்தில் பட்டையாக்குங்கள். உள்பக்கம் வெள்ளை மாவு அப்பியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். விட்டால் அத்தனையும் லென்ஸில்தான் ஏறும். பட்டையைக் கேமராவின்மேல் கொடுத்து இடுப்பைச் சுற்றி இழுத்து, வயிற்றுப் பக்கம் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். மூச்சு முட்டக் கூடாது, கேமராவும் நகரக் கூடாது. வெள்ளைச் சட்டை வேண்டாம், ரப்பரின் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். வாரின் தொங்கும் நுனிகளைச் செருகிவிடுங்கள். ஆரக்கம்பியில் சிக்கினால் வண்டியோடு குப்புற விழ வேண்டியதுதான்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதாக இருந்தால், மேலேயே நின்று பட்டையை இன்னொரு சுற்று இறுக்குங்கள். பிரேக் பிடிக்கப் பிடிக்க உடம்பு முன்னால் சாயும். கேமராவும் விலாவைச் சுற்றி முன்னே நழுவப் பார்க்கும்.

எங்கள் ஊர் வெயிலில் முதுகு நனையாமல் இருக்காது. வியர்வையின் உப்பு கேமராவுக்கு ஆகாது. மெல்லிய பருத்தித் துண்டை நாலாக மடித்து முதுகுக்கும் கேமராவுக்கும் நடுவில் வையுங்கள். மழைக்காலத்துக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையும், ஆம்பூர் ஷூப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

படமெடுக்க வேண்டுமா, ஓரமாக நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றிய பிறகு முடிச்சை அவிழுங்கள். டீக்கடையில் கேமராவை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். ஸ்டாண்ட் சரிந்தால் அதுதான் முதலில் தரையைத் தொடும். நீளமான டெலி லென்ஸைக் கழற்றித் தனியாக, துணி சுற்றிப் பையில் வையுங்கள். கேமராவோடு மாட்டியே கொண்டுபோனால் அந்தக் கனம் முழுவதும் மவுண்டின்மேல், அதாவது லென்ஸைக் கேமராவில் பொருத்தும் வளையத்தின்மேல், விழும்.