ஆஸ்பத்திரியில் சேரும்போது பழைய வலி மாத்திரைகளை என்ன செய்வது?

வருஷக்கணக்கில் வலி மாத்திரை போடுகிறவர் வேறு ஏதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அவர் உடம்பு எதற்குப் பழகியிருக்கிறது என்று வார்டில் யாருக்கும் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு தாளில் மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை, கடைசியாகப் போட்ட நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். டாக்டர் சீட்டைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள். சீட்டில் மூன்று வேளை இருக்கும், அவர் இரண்டுதான் போடுவார். வார்டில் மூன்றும் கொடுத்துவிடுவார்கள். மார்ஃபின் போன்ற வலுவான வலி மருந்தில் அந்தக் கூடுதல் வேளை மூச்சை மந்தமாக்கலாம். சிரப் என்றால் பாட்டிலையே காட்டுங்கள். 5 மில்லியில் 10 மில்லிகிராம் இருந்தால், 2.5 மில்லி என்பது 5 மில்லிகிராம். இந்த இரண்டு அஞ்சும் ரொம்பச் சுலபமாக மாறிப்போகும்.

தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையை, அதாவது பேட்ச்சை, எல்லோரும் மறந்துவிடுவோம். என் அம்மாவின் தோள்பட்டைக்குப் பின்னால் ஒட்டியிருந்ததை எம்.ஆர்.ஐ. அறை வாசலில்தான் நர்ஸ் கவனித்தார். சில பேட்ச்களில் உலோகம் இருக்கும், ஸ்கேனில் தோல் வெந்துவிடலாம். ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தின் பேட்ச்சைப் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், அதனால் ஒட்டிய தேதியும் வேண்டும். காய்ச்சலோ வெந்நீர்ப் பையோ பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும்.

அடுத்து, "இன்று ராத்திரி டோஸ் உண்டா?" என்று கேளுங்கள். மார்ஃபின், டிரமடால் திடீரென்று நின்றால் வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, படபடப்பு வரும். நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், ப்ரீகாபாலின் நின்றால் சிலருக்கு வலிப்புகூட வரலாம். ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் வைத்தாலும், எதை ஒரு வாய் தண்ணீரோடு போடலாம் என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது.

பையில் இருப்பதை ரகசியமாக எடுத்துப் போடாதீர்கள். பெரியவர்களுக்கு பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. டிரிப்பில் ஏறும் பாராசிட்டமாலும் டிரமடாலோடு கலந்து வருவதும் அதே கணக்கில்தான் சேரும்.

கூட இருப்பவருக்கு ஒரு வேலை உண்டு. எழுப்பியும் கண் திறக்கவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக வருகிறது என்றால் "அசந்து தூங்குகிறார்" என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பழைய தாளையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வைத்து, நின்றது எது, மாறியது எது என்று வரிவரியாகக் கேளுங்கள். மார்ஃபினைச் சில நாள் நிறுத்தியிருந்தால் உடம்பு பழக்கத்தை இழந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் பழைய அளவிலேயே ஆரம்பிக்காமல், எவ்வளவு என்று டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள்.