நொடிக்கு 150 கிலோபிட்டில் வீடியோ அழைப்பு: பிட்டை எங்கே செலவழிப்பது?

வயர்லெஸ் இணைப்பில் 150 கிலோபிட்தான் நிலையாகக் கிடைக்கிறது என்றால், முதலில் ஆடியோவின் பங்கை ஒதுக்கிவிடுங்கள். படம் உறைந்தாலும் பேசிக்கொண்டிருக்கலாம். குரல் விட்டு விட்டு வந்தால் அழைப்பே வீண். பேச்சுக்கு ஓபஸ் கோடெக்கில் (ஒலியைச் சுருக்கும் முறை) 16 கிலோபிட் போதும். ஆனால் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் என்றால் ஐபி, யூடிபி, ஆர்டிபி ஹெடர்கள் (பாக்கெட்டைக் கொண்டுசேர்க்கும் முகவரி, வரிசைத் தகவல்கள்) பாக்கெட்டுக்கு 40 பைட். நொடிக்கு 50 பாக்கெட். ஹெடருக்கே இன்னொரு 16 கிலோபிட் போய்விடும்! 40 மில்லிநொடிக்கு மாற்றினால் அது 8 ஆகும். கூடுவது 20 மில்லிநொடித் தாமதம்தான், தாங்கலாம்.

வீடியோவுக்கு 100 வையுங்கள், மீதி அலைவரிசை ஏற்ற இறக்கத்துக்கு. அளவு 320×180, நொடிக்கு 15 ஃபிரேம். பிக்சலுக்குச் சுமார் 0.12 பிட் கிடைக்கும், ஹெச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் முகம் தெளிவாகவே தெரியும். ஆசைப்பட்டு 640×360 வைத்தால் அது 0.03 ஆகி, முகம் கட்டம் கட்டமாக உடையும்.

அழைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் கீஃபிரேம்தான், அதாவது முந்தைய ஃபிரேம்களைச் சாராமல் முழுப் படத்தையும் சுமக்கும் ஃபிரேம். 100 கிலோபிட்டில் சராசரி ஃபிரேம் 830 பைட், ஒரே பாக்கெட்டில் அடங்கும். கீஃபிரேம் 10,000 பைட் வந்தால் அதை அனுப்பவே 0.8 நொடி, அதுவரை பின்னால் வருபவை எல்லாம் வரிசையில் நிற்கும். நெரிசலில் பாக்கெட் தொலையும், எதிர்முனை மறுபடி கீஃபிரேம் கேட்கும், நெரிசல் இன்னும் ஏறும். இந்தச் சுழலை உடைக்க, 2 நொடிக்கு ஒரு கீஃபிரேம் கோரிக்கைக்கு மேல் ஏற்காதீர்கள். குறித்த இடைவெளியில் கீஃபிரேம் அனுப்பும் அமைப்பை அணைத்து, இன்ட்ரா ரிஃப்ரெஷ் போடுங்கள்: படம் பட்டை பட்டையாகப் பல ஃபிரேம்களில் புதுப்பிக்கப்படும். உங்கள் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) எக்ஸ்264 என்றால் ஸீரோலேட்டன்ஸி ட்யூன் வேண்டும்; அடுத்து வரும் ஃபிரேம்களுக்காகக் காத்திருந்து தாமதம் கூட்டும் பி-ஃபிரேமும் லுக்அஹெட்டும் அதிலேயே நின்றுவிடும். உச்ச பிட்ரேட் 100, விபிவி பஃபர் (பிட்ரேட் சற்று நேரம் எவ்வளவு எகிறலாம் என்ற வரம்பு) 25 கிலோபிட், அதாவது கால் நொடி. பஃபரைப் பெரிதாக்கினால் கைகளை அசைக்கும்போதெல்லாம் தாமதம் எகிறும்.

கேமராவையும் கவனியுங்கள். மங்கிய வெளிச்சத்தில் எழும் புள்ளி இரைச்சலை என்கோடர் அசைவு என்றே எடுத்துக்கொண்டு, முகத்துக்குப் போகவேண்டிய பிட்டை வெறும் சுவருக்குக் கொட்டும். முகத்துக்கு நேரே ஒரு விளக்கு வைத்தால் கோடெக் மாற்றுவதைவிடப் பலன் தெரியும். அதற்கு வழியில்லையென்றால், என்கோடருக்கு முன் லேசான டீநாய்ஸ் (இரைச்சல் நீக்கம்).

சோதிக்க, மோசமான இணைப்பைப் போலச் செய்துகாட்டும் லினக்ஸ் நெட்எம்மில் 150 கிலோபிட் வேகமும் 3% இழப்பும் வைத்துப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். போய்வரும் நேரம் படிப்படியாக ஏறினால், என்கோடர் சொன்ன அளவை மீறுகிறது; இலக்கை 80-க்கு இறக்குங்கள்.