மாணவருக்கு ஆர்வம் இல்லையா? உங்கள் அசைன்மென்ட் தாளில் தொடங்குங்கள்

வகுப்பில் பாதிப் பேர் போனில் மூழ்கியிருந்தால், புதிதாகப் பாடம் நடத்த வந்தவர் கையிலெடுப்பது ஊக்க உரை. அது மறுநாள் வரைகூடத் தாங்காது. மார்க்கைக் காட்டி மிரட்டினால் பரீட்சை வரை தாங்கும், அவ்வளவுதான்.

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவிக்கக் காசு வாங்கிய கல்லூரி மாணவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். வாய்ப்பாராட்டு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. பிறகு அவரும் உளவியலாளர் ரிச்சர்ட் ரையனும் வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி, மாணவருக்கு மூன்று உணர்வுகள் தேவை: இது என் தேர்வு, என்னால் முடியும், என்னை இங்கே மதிக்கிறார்கள். இவற்றை வகுப்புக்குள் கொண்டுவர ஐந்து படிகள்:

படி 1. ஒரே ஒரு அசைன்மென்டை எடுங்கள். பாடத்திட்டம் முழுவதையும் புரட்டிப்போட வேண்டாம்.

படி 2. தாளின் தலைப்பில் 'இது எதற்கு' என்று இரண்டு வரி எழுதுங்கள். புள்ளியியல் பாடத்தில் இப்படி: "தரவைச் சுத்தம் செய்வது சலிப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்யாமல் போட்ட சராசரியை நம்ப முடியாது." சலிப்பை ஒளிக்காமல் சொன்னாலே பாதி எரிச்சல் அடங்கிவிடும்.

படி 3. தேர்ந்தெடுக்க விடுங்கள். புள்ளியியல் பாடமென்றால் மழையளவு, கிரிக்கெட் ரன், பேருந்துத் தாமதம் என மூன்று தரவுத்தொகுப்புகள் போதும். கணக்கிட வேண்டியது எல்லாருக்கும் ஒன்றே. "எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்பது சுதந்திரம் அல்ல, நட்டாற்றில் விடுவது.

படி 4. திருத்தும்போது நிதானம் வேண்டும். என்னைக் கேட்டால், ஐந்து படிகளில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஓரத்தில் 'மேலோட்டமாக உள்ளது' என்று எழுதினால் மாணவர் அதை வைத்து என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "சராசரி சரி. ஆனால் ஏழாவது மதிப்பு மட்டும் மற்றவற்றைவிடப் பத்து மடங்கு பெரியது. அதை நீக்கிவிட்டு மீண்டும் போட்டால் முடிவு மாறுகிறதா?" அடுத்து எங்கே கை வைப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும். 'நீ புத்திசாலி' என்ற பாராட்டையும் தவிருங்கள். அடுத்த முறை சறுக்கினால் 'அப்போ நான் முட்டாளா' என்றுதான் தோன்றும். செய்த வேலையைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

முடிந்தால் இந்தத் திருத்தக் குறிப்புகளை முதலில் கொடுங்கள், மார்க்கைச் சில நாள் கழித்து. கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பள்ளிப் பிள்ளைகளிடம் ஆர்வம் நிலைத்தது. கூடவே மார்க்கும் சேர்ந்ததும் அந்தப் பலன் போய்விட்டது. கல்லூரியிலும் எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைப்பவர்களே அதிகம்.

படி 5. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தவறான பதிலுக்கும் "எப்படி யோசித்தீர்கள்?" என்று கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் விலகியே இருந்தால் சோம்பேறி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். இரவு வேலை, கட்டணக் கவலை, மனச்சோர்வு என எதுவாகவும் இருக்கலாம். வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசுங்கள். தேவைப்பட்டால் மாணவர் ஆலோசகரிடம் நீங்களே அழைத்துப் போங்கள்.