திருகோணமலையிலிருந்து மென்பொருள் வேலை தேடுவோர் முதலில் முடிக்க வேண்டிய செயலி

திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம். நாட்டின் மென்பொருள் நிறுவனங்களிற் பெரும்பாலானவை கொழும்பிலேயே இருப்பதால், இங்கு படிப்பை முடித்த ஒருவரைப் பற்றி அவை முதலில் அறிவது சுயவிபரக்கோவை ஒன்றையும் அதிலுள்ள இணைய இணைப்பையும் கொண்டுதான். அந்த இணைப்பைத் திறந்தால் உண்மையாகவே இயங்கும் ஒரு செயலி தெரிய வேண்டும். அதனால், விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்குமுன் சிறிய செயலி ஒன்றை முடித்து, உங்கள் ஊரில் ஒருவரிடமாவது பயன்பாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துச் செய்த வானிலைச் செயலி ஆயிரம் பேரிடம் இருக்கும். அதை விடுத்து, நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடும் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அரை நாள் அவருடன் இருந்து பாருங்கள். முன்பதிவுகளை அவர் எழுதிவைக்கும் கொப்பியில் உள்ள நெடுவரிசைகளே உங்கள் தரவுத்தளத்தின் முதல் வரைபடம்: திகதி, பெயர், ஆட்களின் எண்ணிக்கை, முற்பணம், படகு. முதற் பதிப்பில் இவை மட்டும் போதும். இணையவழிக் கட்டணத்தையும் அலங்காரங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடற்கரையில் இணைப்பு அறுந்தாலும் பதிவு தொலையாதவாறு, அதை முதலில் கைப்பேசியிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்புங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணைக் கைப்பேசியிலேயே உருவாக்கினால், ஒரே பதிவு இரு தடவை அனுப்பப்பட்டாலும், பதிவுகளைப் பெற்றுச் சேமிக்கும் கணினியான சேவையகம் அதை இரண்டாகக் கணக்கிடாது தடுக்கலாம்.

தமிழில் பெயர்களைப் பதியத் தொடங்கியதும் பாடநூல்கள் அதிகம் பேசாத சிக்கல்கள் எழும். இவற்றைத் தீர்த்த அனுபவம் எனக்கு மிக மதிப்புடையதாகத் தோன்றுகிறது. ‘சிவகாமி’ என்பதில் நாம் காண்பது 4 எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி அதன் நீளத்தை 7 என்று சொல்லும், ஏனெனில் எழுத்துகளுக்கு எண் குறியீடு வழங்கும் பொதுத் தரமான யூனிகோட்டில் ‘சி’, ‘கா’, ‘மி’ ஒவ்வொன்றும் மெய்யின் குறியீடும் உயிர்க்குறியின் குறியீடுமாக இரண்டாகப் பதியப்படுகின்றன. ‘கோ’ என்பதையோ இரண்டு குறியீடுகளாலும் எழுதலாம், மூன்றாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தாலும் தேடலில் ‘கோணேஸ்வரி’ அகப்படாமற் போகக்கூடும். சேமிக்கும்போதும் தேடும்போதும் பெயர்களை யூனிகோட்டின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது இத்தகைய எழுத்தை எப்போதும் ஒரே குறியீட்டு வரிசையாக வைக்கும் வடிவத்துக்கு, மாற்றினால் இது தீரும். நேர்முகத் தேர்வில் இதை விளக்கும்போது, பிழையைக் கண்டுபிடித்த வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செயலியின் நிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையத்தளமான கிட்ஹப்பில் வெளியிடுமுன் கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் அதில் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். பதிவேறிய சாவியை அடுத்த மாற்றத்தில் அழித்தாலும் அது பழைய வரலாற்றில் இருக்கும். ஆகவே உடனடியாக அதைச் செல்லுபடியற்றதாக்கிப் புதியதைப் பெற வேண்டும். படகுக்காரரின் வாடிக்கையாளர் விபரங்களை ஒருபோதும் வெளியிடாதீர்கள். காட்சிக்குக் கற்பனைப் பெயர்களே போதும். நிரலுடன் வைக்கும் அறிமுகக் குறிப்பான ரீட்மி கோப்பில் செயலி யாருக்காக, எந்தச் சிக்கலுக்காக, எப்படி இயக்குவது என்பவற்றை எழுதி, செயலியின் திரையைக் காட்டும் இரண்டு திரைப்பிடிப்புகளையும் சேர்த்துவிடுங்கள்.

சுயவிபரக்கோவை ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். தெரிந்த கணினி மொழிகளை வரிசையாக அடுக்குவதைவிட, ‘படகு முன்பதிவுச் செயலி, இணைப்பின்றியும் இயங்கும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பயன்படுத்தலாம்’ என்பது போன்ற, நீங்கள் உண்மையில் செய்துமுடித்த ஒரு வரி அதிகம் பேசும். கொழும்புக்கு இடம்பெயர முடியுமா, வீட்டிலிருந்து வேலை செய்யவே விருப்பமா என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். அனுப்பிய திகதி, பதவி, கிடைத்த பதில் ஆகியவற்றைக் குறித்துவைத்து, ஒரு வாரம் கழிந்தும் பதில் வராவிட்டால் பணிவாக ஒருமுறை விசாரியுங்கள்.

நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கக்கூடும் என்பதால், செயலியைப் பற்றி 5 நிமிடம் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசி நண்பர் ஒருவரிடம் பழகுங்கள். இணையவழித் தேர்வாயின், இணைப்புத் தடைப்பட்டாலும் காட்டக்கூடியதாகச் செயலியின் பிரதியொன்றை மடிக்கணினியிலேயே இயக்கி வைத்திருங்கள்.