பாட்டில் மூடியும் நைலான் கயிறும்: குரோமாட்டின் மறுசீரமைப்பைக் கையால் செய்து பார்க்கும் முறை

கடலூர், புதுச்சேரிப் பகுதிக் கல்லூரிகளில் முதுநிலை உயிரியல் படிக்கும் மாணவர்கள் பலர், குரோமாட்டின் (புரதங்களின் மீது சுற்றப்பட்ட டி.என்.ஏ.) மறுசீரமைப்புப் புரதங்கள் என்ற பாடம் வந்ததும் நான்கு குடும்பங்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் புரதம் எதைப் பிடித்துக்கொண்டு எதை இழுக்கிறது என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அதற்கான பதிலை அரைமணி நேரத்தில் கையாலேயே கண்டுகொள்ளும் வழியைக் கீழே விளக்குகிறேன்.

தேவையானவை தண்ணீர் பாட்டில் மூடிகள் ஐந்து, வேறு நிறத்தில் இன்னொரு மூடி, கடலூர் முதுநகரில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைப்பது போன்ற மெல்லிய நைலான் கயிறு ஒன்றரை மீட்டர், சிவப்பு மார்க்கர், ஒட்டும் பொட்டு ஓர் அட்டை, அளவுகோல். கயிற்றில் 1 மில்லிமீட்டரை டி.என்.ஏ.வின் ஒரு கார இணையாகக் கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் மனித மரபணுத்தொகுதியின் ஒரு பிரதி மட்டும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும்; இந்தியாவின் வடக்கு தெற்கு நீளமே 3,214 கிலோமீட்டர்தான். அத்தனை கார இணைகளும் ஒரு செல்லின் உட்கருவுக்குள் அடங்கியிருப்பது, ஹிஸ்டோன் புரதங்களின் மீது டி.என்.ஏ. சுற்றப்பட்டிருப்பதில்தான் தொடங்குகிறது.

ஒவ்வொரு மூடியின் விளிம்பிலும் 14.7 சென்டிமீட்டர் கயிற்றைச் சுற்றுங்கள். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய ஹிஸ்டோன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்த எட்டுப் புரத உருளையின் மீது 147 கார இணைகள் ஏறத்தாழ 1.65 சுற்று சுற்றியிருப்பதே நியூக்ளியோசோம். 1997இல் வெளியான படிக அமைப்பு இந்தச் சுற்றலைத் துல்லியமாகக் காட்டியது. பாட்டில் மூடியின் குறுக்களவு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் என்பதால் கயிறும் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் வந்து நிற்கும். (கயிற்றின் தடிமனும் பொருந்த வேண்டுமென்றால் 6 மில்லிமீட்டர் கயிறு வேண்டும்; அது மூடியில் படியாது என்பதால் விட்டுவிடலாம்.) மூடிக்கு மூடி 5 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். மூன்றாவது மூடியின் மேல் சுற்றியுள்ள கயிற்றில், மூடியின் பக்கம் திரும்பியிருக்கும் முகத்தில், 1 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிவப்புக் குறி இடுங்கள். மரபணுவை இயக்கும் அல்லது அடக்கும் படியெடுப்புக் காரணி என்னும் புரதம் வந்து அமர வேண்டிய இடம் அது. இப்போதைக்கு அது மறைந்திருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் முறை இதை வகுப்புக்கு எடுத்துச் சென்றபோது, சுற்று அவிழ்ந்துவிடக் கூடாதென்று கயிற்றை ஃபெவிக்விக் போட்டு மூடிகளில் ஒட்டிவிட்டேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர், "ஐயா, ஒட்டிட்டா எப்படி நகரும்?" என்று கேட்டதும் பாடத்தை அங்கேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஹிஸ்டோனுக்கும் டி.என்.ஏ.வுக்கும் இடையில் நிரந்தரப் பசை எதுவும் இல்லை. பெரும்பாலும் எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பும் ஹைட்ரஜன் பிணைப்புகளும்தான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஆகவே பசை வேண்டாம், விரலால் பிடித்துக்கொண்டால் போதும்.

இப்போது மூன்றாவது மூடியை இடது கையில் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றின் நடுப்புள்ளியிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி வலது கைப் பெருவிரலை வைத்துக் கயிற்றைச் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். ஒரு பக்கம் கயிறு உள்ளே வரும், மறுபக்கம் வெளியேறும், சிவப்புக் குறி மெல்ல வெளியே வந்துவிடும். பெரும்பாலான மறுசீரமைப்புப் புரதங்களின் இயந்திரப் பகுதியும் ஏறத்தாழ அதே இடத்தில், நடுவிலிருந்து சுமார் 20 கார இணைகள் தள்ளி, டி.என்.ஏ.வைப் பிடிக்கிறது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் சிதைத்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு ஒவ்வொரு கார இணையாக நகர்த்துகிறது. ஹிஸ்டோன் உருளையைப் பிடித்துத் தள்ளுகிறது என்று பலர் விடைத்தாளில் எழுதுவது தவறு. உருளையைப் பற்றிக்கொண்டு டி.என்.ஏ.வை இழுக்கிறது என்பதே சரி. நான்கு குடும்பங்களுக்கும் இந்த இயந்திரம் பொது. இழுத்த பிறகு நடப்பதில்தான் வேறுபாடு.

ஸ்விச்-ஸ்னிஃப் குடும்பத்துக்கு, மூன்றாவது மூடியைக் கயிற்றிலிருந்து முழுவதும் கழற்றிவிடுங்கள். இந்தக் குடும்பம் நியூக்ளியோசோமை நகர்த்துவதோடு சில இடங்களில் வெளியேற்றியும் விடுகிறது. பெயருக்குக் காரணம் ஈஸ்ட்: இனச்சேர்க்கை வகையை மாற்றிக்கொள்ள (ஸ்விச்) முடியாத ஈஸ்டையும், சுக்ரோஸை, அதாவது கரும்புச் சர்க்கரையை, நொதிக்கவைக்க முடியாத (ஸ்னிஃப்) ஈஸ்டையும் தனித்தனியே ஆராய்ந்தவர்கள் கடைசியில் ஒரே மரபணுவில் வந்து சந்தித்தார்கள். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது. பாலூட்டிகளில் இதன் இயந்திரமாக பி.ஆர்.ஜி.1 அல்லது பி.ஆர்.எம். என்ற புரதம் இருக்கும். ஒரே கூட்டமைப்பில் இரண்டும் சேர்ந்து இருப்பதில்லை.

ஐ.எஸ்.டபிள்யூ.ஐ. குடும்பத்துக்கு, மூடிகளை முதலில் ஒழுங்கற்றுக் கலைத்துவிட்டு, அளவுகோலை வைத்துச் சம இடைவெளியில் அடுக்குங்கள். இந்த ஒழுங்கு எப்போதும் மரபணுவை மூடிவிடும் என்று எண்ண வேண்டாம்; சி.டி.சி.எஃப். என்ற புரதம் பாலூட்டி செல்களில் தன் இடங்களில் அமர இந்தக் குடும்பத்தின் எஸ்.என்.எஃப்.2எச். தேவைப்படுகிறது. ஐ.என்.ஓ.80 குடும்பத்துக்கு ஒரு மூடியை எடுத்துவிட்டு வேறு நிற மூடியை வையுங்கள்: அதைச் சேர்ந்த எஸ்.ஆர்.சி.ஏ.பி. கூட்டமைப்பு, வழக்கமான எச்2ஏ இருந்த இடத்தில் எச்2ஏ.இசட். என்ற மாற்று ஹிஸ்டோனை நுழைக்கிறது.

நான்காவதான சி.எச்.டி. குடும்பத்துக்குத்தான் பொட்டு. சிவப்புக் குறி வெளியே தெரியும்படி மூன்றாவது மூடியை மீண்டும் கயிற்றில் மாட்டி, அதில் பொட்டை ஒட்டுங்கள்; இந்தப் பொட்டுதான் ஹிஸ்டோனின் வாலில் ஏறும் அசிட்டைல் குறி. பி.ஆர்.ஜி.1இல் உள்ள புரோமோடொமைன் என்ற பகுதி இந்தப் பொட்டை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும்; பொட்டை வைப்பது வேறு நொதிகளின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் தேர்வில் போகும் மதிப்பெண்ணே அதிகம். இனி பொட்டைப் பிய்த்துவிட்டு, கயிற்றை எதிர்ப்பக்கம் தள்ளிச் சிவப்புக் குறியை மீண்டும் மறையுங்கள். சி.எச்.டி. குடும்பத்தின் சி.எச்.டி.4 இடம்பெறும் நூர்டு கூட்டமைப்பு ஏறத்தாழ இதைத்தான் செய்கிறது: அசிட்டைல் குறியை நீக்கும் நொதியும் நியூக்ளியோசோமை நகர்த்தும் இயந்திரமும் ஒரே கூட்டமைப்பில் இருப்பதால், அது பெரும்பாலும் மரபணுவை அடக்கவே பயன்படுகிறது. மறுசீரமைப்பு என்றாலே திறப்பது என்ற எண்ணத்தை இந்த இடத்திலேயே கைவிட்டுவிடலாம்.

உடலில் இது தவறும்போது என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். சி.எச்.டி.7 மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் கண், இதயம், காது முதலியவற்றின் வளர்ச்சியைப் பாதிக்கும் சார்ஜ் நோய்க்குறித்தொகுப்பு வருகிறது. 2004இல் இது கண்டறியப்பட்டது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஸ்விச்-ஸ்னிஃப் குடும்ப மரபணுக்களில் ஏதாவதொன்று மாறியிருக்கிறது.

அடுத்து ஆய்வுக் கட்டுரைகளில் வரும் படங்களுக்கு வருவோம். குரோமாட்டின் எங்கே திறந்திருக்கிறது என்று அளக்க 2013இல் அறிமுகமான அட்டாக்-சீக் முறையில் டி.என்.5 என்ற நொதி திறந்திருக்கும் இடங்களில் டி.என்.ஏ.வை வெட்டி அடையாளத் துண்டுகளை ஒட்டுகிறது. வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் மேடுகள் உங்கள் கயிற்றில் சிவப்புக் குறி வெளியே தெரிந்த நிலைக்குச் சமம். பி.ஆர்.ஜி.1ஐ நீக்கியதும் ஒரு மேடு மறைந்தது என்று படித்தால், நீக்கி எவ்வளவு நேரம் கழித்து அளந்தார்கள் என்பதை முதலில் தேடுங்கள். பல நாட்கள் கழிந்திருந்தால், வேறு மரபணுக்கள் மாறியதால் வந்த விளைவாகவும் அது இருக்கலாம். மருந்தால் இயந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரத்துக்குள்ளேயே அளந்த ஆய்வுகளிலும் பல மேடுகள் சரிந்திருக்கின்றன. அதன் பொருளை உணர, சிவப்புக் குறி வெளியே தெரியும்படி கயிற்றைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பிறகு பெருவிரலை மட்டும் எடுத்துவிடுங்கள். நைலான் முறுக்கில் கயிறு தானாகவே பின்னோக்கி நழுவிக் குறியை மறைக்கப் பார்க்கும்.