வாயில்லா ஜீவனின் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது?

கால்நடை மருத்துவம் முடித்துப் புதிதாக மருந்தகத்தில் உட்காரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அடுத்து என்ன நடக்கும் என்பதை, அது நடப்பதற்கு முன்பே வளர்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

பால் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் கன்று ஈன்ற 3 நாட்களுக்குள் வரும். ரத்தத்தில் கால்சியம் குறைந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு மாடு படுத்திருக்கும். காது சில்லிட்டிருக்கும். பார்த்ததுமே நமக்குப் புரிந்துவிடும். ஆனாலும் உடனே பாட்டிலைத் தொங்கவிட வேண்டாம். "எப்போதிலிருந்து எழலம்மா? இது எத்தனாவது ஈத்து?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். மாட்டுக்குப் பெயர் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள். இதற்கெல்லாம் ஒரு நிமிடம்கூட ஆகாது.

கால்சியத்தை நரம்பில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம். மருந்து ஏற ஏற மாட்டின் உடம்பு நடுங்கும், ஏப்பம் வரும், சாணம் போடும். நமக்கு அது நல்ல அறிகுறி. விஷயம் தெரியாத வீட்டம்மாவுக்கோ மாடு சாகப்போவதுபோல் தெரியும். அதனால் ஊசியைக் குத்துவதற்கு முன்பே, "கொஞ்சம் நடுங்கும்மா, பயப்படாதீங்க. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிடுங்கள். மாடு எழுந்து நின்றதும் எல்லாருக்கும் சந்தோஷம்தான். அப்போதும் கிளம்பிவிடாமல், திரும்பப் படுக்க வாய்ப்பு உண்டு, படுத்தால் உடனே கூப்பிட வேண்டும், முதல் நாள் மடியை ஒட்டக் கறக்கக்கூடாது என்பதைச் சொல்லி, அவர் வாயாலேயே ஒருமுறை திரும்பச் சொல்லக் கேளுங்கள்.

ரத்தபேதியோடு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் "ஏன் தடுப்பூசி போடல?" என்று ஆரம்பிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. "ஊசி அட்டை இருந்தா காட்டுங்க" போதும். பலர் ஒரே ஊசியோடு முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வார இடைவெளியில் குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பார்வோ என்னும் வைரஸ் நோய் என்றால், "இந்தக் கிருமியைக் கொல்ல மாத்திரை இல்லை. நீரும் சத்தும் ஏற்றிக் குட்டியைத் தாங்க வைக்கிறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். கட்டாயம் பிழைத்துவிடும் என்று வாக்கு கொடுக்காதீர்கள்.

செலவையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் ஆகலாம் என்று தாளில் எழுதி, மற்றவர்கள் காதில் விழாமல் காட்டுங்கள். முடியாது என்றால் அவருக்குப் பாசம் இல்லை என்று அர்த்தமில்லை. அவரால் முடிந்த தொகைக்குள் என்ன செய்யலாம் என்று யோசிப்பது நம் வேலை.

கருணைக்கொலை என்று முடிவானால், கையெழுத்து, கட்டணம் எல்லாவற்றையும் முன்பே முடித்துவிடுங்கள். அழுதுகொண்டே வெளியே வருபவரிடம் பில்லை நீட்டக்கூடாது. கண் மூடாமல் இருக்கலாம், உயிர் போன பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், சிறுநீர் கழியலாம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே, அவர்கள் பக்கத்தில் இருப்பதா வெளியே இருப்பதா என்று முடிவு செய்யட்டும்.

மாடு இறந்த வீட்டில் "போனா போகுது, இன்னொன்னு வாங்கிக்கலாம்" என்ற பேச்சே கூடாது. ஆனால் அங்கே கட்டாயம் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. காப்பீடு செய்த மாடாக இருந்தால் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையை யாரும் அறுத்துப் போட்டுவிடக்கூடாது. புதைப்பதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போக வேண்டும், பிரேதப் பரிசோதனையும் நடக்க வேண்டும். துக்கத்தில் அவசரமாகப் புதைத்துவிட்டு, வர வேண்டிய பணத்தையும் இழக்கிறார்கள். வீட்டில் கொஞ்சம் நிதானமாக இருக்கும் ஒருவரைத் தனியே கூப்பிட்டு இதைச் சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.