டிபுட் ஏன் 80-லேயே நிற்கிறது?

பெங்களூரு ஆபீஸ் சர்வரில் லாக் அட்டவணை காட்டும் பேஷ் ஸ்கிரிப்ட் ஒன்று. ஜன்னலை எவ்வளவு அகலமாக்கினாலும் அட்டவணை 80 எழுத்திலேயே மடங்கியது. ஸ்கிரிப்ட் அகலத்தைக் கேட்பது டிபுட்டிடம், அதாவது டெர்மினலின் விவரங்களைச் சொல்லும் கட்டளையிடம். பிராம்ப்டில் 'டிபுட் கால்ஸ்' (அகலம் எத்தனை எழுத்து) அடித்தால் சரியான எண். ஸ்கிரிப்டுக்குள் மட்டும் 80.

டெர்மினல் வகையைச் சொல்லும் டெர்ம் மாறியை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. டிமக்ஸை (ஒரே டெர்மினலைப் பல ஜன்னலாக்கும் நிரல்) விட்டு வெளியே வந்து ஓட்டினாலும் அதேதான். அகலத்தை வைத்திருக்கும் காலம்ஸ் மாறியோ ஸ்கிரிப்டுக்குள் காலி. பேஷ் அதை எக்ஸ்போர்ட் செய்வதில்லை, அதாவது ஸ்கிரிப்டுக்குக் கடத்துவதில்லை.

வினை '2>/டெவ்/நல்' என்ற ஒட்டில் இருந்தது. பிழைச் செய்திகளை வீசியெறிய, ஸ்கிரிப்டில் டிபுட்டின் பின்னால் சேர்த்திருந்தது அது. விடையை மாறியில் பிடிக்கும்போது ஸ்டாண்டர்ட் அவுட்புட் (விடை வெளிவரும் வழி) டெர்மினலை விட்டு பைப்பாகிவிடும். அப்போது டிபுட் அகலத்தை ஸ்டாண்டர்ட் எரர் (பிழைச் செய்தி வெளிவரும் வழி) வழியாகக் கேட்கும். அதையும் நல்லுக்குத் திருப்பிவிட்டால், சர்வரில் இருந்த பழைய என்கர்சஸ் (டிபுட் இதோடுதான் வரும்), டெர்மின்ஃபோ என்ற டெர்மினல் விவரப் பட்டியலில் எழுதியிருக்கும் 80-ஐ எடுத்து நீட்டுகிறது. பிழைச் செய்தி கிடையாது, எக்ஸிட் கோடும் 0, அதாவது வெற்றி. பிறகு எப்படிச் சந்தேகம் வரும்?

ஒட்டை எடுத்ததும் சரியானது, அப்பாடா. எடுக்க முடியாத இடத்தில், டெர்மினலிடமே நேராக அளவு கேட்கும் 'எஸ்டிடிஒய் சைஸ் </டெவ்/டிடிஒய்' போடலாம். இதில் முதல் எண் வரிகள், இரண்டாவதுதான் அகலம். குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் கிரானில் டிடிஒய்யே (டெர்மினலே) இருக்காது. அங்கே 80-ஐ நாமே எழுதிவிட வேண்டியதுதான்.